வந்தே பாரத் ஸ்லீப்பர்: மேல் பெர்த்துக்கு ஏறுகிற படி எப்படி இருக்கிறது?

சன்னலோரம்
எல்லோருக்கும் வணக்கம். சந்தேகம் பாதி, புலம்பல் பாதி, பொறுத்துக்கொள்ளவும்.

அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆனாலும் வருஷத்துக்கு மூன்று தடவையாவது சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போயே ஆக வேண்டும், கோயில் கொடை, கல்யாணம், பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து பார்ப்பது என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். போன தடவை ஒரு இரவு ரயிலில் த்ரீ டயர் ஏசி. எனக்கு அப்பர், அம்மாவுக்கு மிடில். எதிர் லோயரில் இருந்தவர் இடுப்பில் பெல்ட் போட்டிருந்தார், இந்தப் பக்க லோயரில் கைக்குழந்தையோடு ஒரு பெண், யாரிடம் போய்க் கேட்பது? அம்மா படியில் இரண்டாவது கம்பி வரை ஏறிவிட்டாள், அதற்கு மேல் முட்டி மடங்கவில்லை. ஒரு கையில் பெர்த் சங்கிலி, இன்னொரு கையில் என் தோள், அப்படியே அந்தரத்தில் நிற்கிறாள், வண்டி செங்கல்பட்டைத் தாண்டி ஒரு குலுக்குக் குலுக்குகிறது. கடைசியில் சைடு லோயரில் இருந்த காலேஜ் பையன் எழுந்து "ஆன்ட்டி, நீங்க இங்க படுங்க" என்றான். அவன் நன்றாயிருக்கட்டும்.

என் கேள்வி இதுதான். வந்தே பாரத் ஸ்லீப்பர் என்று படுத்துக்கொண்டு போகிற புது ராத்திரி வண்டியைப் பற்றி ஒரு வருஷமாக வீடியோ வீடியோவாக வருகிறது. 160 கிலோமீட்டர் வேகம், தானியங்கிக் கதவு, தண்ணீர் டம்ளர் ஆடவில்லை என்றெல்லாம் காட்டுகிறார்கள். அந்தப் படியை ஒருத்தரும் நின்று காட்டவில்லை. யாராவது போயிருந்தால் சொல்லுங்கள்.

டீ_காபி_டீ
டம்ளர் வீடியோ நானும் பார்த்தேன். ராஜஸ்தானில் கோட்டா பக்கம் 180-இல் ஓட்டிப் பார்த்தபோது எடுத்தது. டம்ளரில் தண்ணீர் ஆடாதது சந்தோஷம்தான், ஆனால் டம்ளர் மிடில் பெர்த்தில் ஏற வேண்டியதில்லையே.

பெரம்பூர்க்காரன்
சன்னலோரம் தம்பி, நான் பெட்டித் தொழிற்சாலையில் 34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், பர்னிஷிங் பக்கம்தான் கடைசிப் பதினைந்து வருஷம். அதனால் பெர்த், படி, சங்கிலி எல்லாம் நமக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

முதலில் ஒரு விஷயம். இந்த ரயிலை எங்கள் பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை, அதாவது ஐசிஎஃப், ஆர்டர் கொடுத்து பெங்களூர் பெமல் கம்பெனி கட்டியது. முதல் வண்டியை 2024 செப்டம்பர் 1 அன்று அங்கே காட்டினார்கள். 16 பெட்டி, அதில் 11 த்ரீ டயர், 4 டூ டயர், 1 பர்ஸ்ட் கிளாஸ். படுக்கை 611 + 188 + 24, ஆக மொத்தம் 823.

இப்போது கணக்கைப் பாருங்கள். 611-ஐ 11-ஆல் வகுத்தால் பெட்டிக்கு ஐம்பத்தைந்து ஐம்பத்தாறுதான் வருகிறது. இன்று நீங்கள் போகிற எல்எச்பி, அதாவது ஜெர்மன் வடிவப் பெட்டி, அதன் த்ரீ டயரில் 72. எகானமி த்ரீ டயர் என்று 2021-இல் விட்டார்களே, அதில் 83 வரை அடைத்தார்கள். பழைய ஐசிஎஃப் த்ரீ டயரில் 64. புது வண்டியில் ஏன் குறைகிறது என்றால், இரண்டு முனையிலும் டிரைவர் கேபின் இடத்தைச் சாப்பிடுகிறது, தானியங்கிக் கதவு, மின் சாதனப் பெட்டிகள், சாப்பாடு வைக்கும் பகுதி, மாற்றுத் திறனாளிகளுக்கான கழிவறை, இவ்வளவுக்கும் இடம் வேண்டும்.

ஆனால் அம்மாவுக்கு வேண்டியது வேறு கணக்கு. ஒரு த்ரீ டயர் பகுதியில் எட்டுப் படுக்கை, அதில் கீழ்ப் படுக்கை சைடு லோயரோடு சேர்த்து மூன்றுதான். ஸ்வீட்சர்லாந்துக்காரன் தொழில்நுட்பத்தில் 1955-இல் நாங்கள் ஆரம்பித்தோம், ஜெர்மன்காரன் எல்எச்பி வந்தது, இப்போது வந்தே பாரத். மூன்று அடுக்கு என்று ஒன்று இருக்கும்வரை எட்டுக்கு மூன்று மாறாது. மற்ற ஐந்து பேர் ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் படியைப் பற்றிக் கேட்டீர்களே, சரியான கேள்வி.

மிடில்பெர்த்_மன்னன்
ஐயா, பர்னிஷிங் என்கிறீர்கள், இத்தனை வருஷம் கேட்க ஆள் கிடைக்காமல் இருந்தேன். அந்த ஒல்லிக் கம்பிப் படியை யார் வடிவமைத்தது? வெறுங்காலில் ஏறினால் உள்ளங்கால் கத்துகிறது, சாக்ஸோடு ஏறினால் வழுக்குகிறது. கடைசிக் கம்பிக்கும் அப்பருக்கும் நடுவே ஒரு எம்பு எம்ப வேண்டும், அப்போது எதிர் மிடிலில் படுத்திருப்பவர் தலையணை ஓரத்தில் கால் வைக்காமல் ஏறிய ஒருத்தரை நான் பார்த்ததில்லை. இறங்குவது அதைவிட மோசம், ராத்திரி ரெண்டு மணிக்கு இருட்டில் காலால் துழாவித் துழாவி, கம்பி என்று நினைத்து கீழே இருப்பவரின் தொங்கவிட்ட பையில் கால் வைத்திருக்கிறேன். உள்ளே டிபன் பாக்ஸ்.

பெரம்பூர்க்காரன்
நான் மாட்டினேன், வடிவமைக்கவில்லை. அடிக்காதீர்கள்.

உண்மையைச் சொன்னால் படி அகலமானால் நடைபாதை குறுகும், சாய்வாக வைத்தால் லோயரில் உட்காருபவர் தோளில் இடிக்கும். அதனால் செங்குத்தாக, ஒல்லியாக. கழுவவும் சுலபம். படுப்பவரை நினைத்துச் செய்த படி அது இல்லை, நான் ஒத்துக்கொள்கிறேன்.

பிரம்மபுத்திரா
நான் போயிருக்கிறேன். குவாஹாட்டியில் வங்கி வேலை, ஊர் கும்பகோணம். 2026 ஜனவரி 17 அன்று மேற்கு வங்கம் மால்டாவில் பிரதமர் கொடியசைத்துத் தொடங்கினாரே, அந்த ஹௌரா – காமாக்யா வண்டிதான். சாயங்காலம் காமாக்யாவில் ஏறினால் காலையில் ஹௌரா. 958 கிலோமீட்டர், சுமார் 14 மணி நேரம்.

படியை எனக்காகப் பார்க்கவில்லை, இப்போது நீங்கள் கேட்டதால் மொபைலில் எடுத்த படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய ஒல்லிக் கம்பி இல்லை, பாதத்தின் முன்பகுதி உட்காரும் அளவுக்குத் தட்டையாக இருக்கிறது, பிடித்துக்கொள்ளவும் பிடி இருக்கிறது. நான் மேல் பெர்த், 92 கிலோ, சிரமமில்லாமல் ஏறினேன். ஆனால் ஏறுவது ஏறுவதுதான். முட்டி மடங்காதவர் அதிலும் ஏற முடியாது, பொய் சொல்ல மாட்டேன்.

மற்றபடி பிடித்தவை: ஒவ்வொரு படுக்கைக்கும் படிக்கும் விளக்கும் சார்ஜ் போடும் இடமும். மேலே படுத்துக்கொண்டு கீழே இருப்பவரிடம் "சார், கொஞ்சம் சொருகிவிடுங்கள்" என்று போனைக் கயிற்றில் இறக்குவது மாதிரி இறக்க வேண்டியதில்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவில் உள்ள கதவு கிட்டே போனால் தானாகத் திறக்கிறது, அதனால் ராத்திரி பூராவும் கதவு டமால் டமால் என்று அடிக்கிற சத்தம் இல்லை. எனக்கு இதுதான் பெரிய வசதி என்று தோன்றியது, விளம்பரத்தில் இதைப் போட மாட்டார்கள். கழிவறையில் தரை ஈரமாகக் கிடக்கவில்லை. பர்ஸ்ட் கிளாஸில் வெந்நீர்க் குளியல் இருக்கிறது என்றார்கள், அந்தப் பக்கம் போக நமக்கு யோகமில்லை.

கொத்தவால்சாவடி
டிக்கெட் எவ்வளவு பிரதர்? அதைச் சொல்லாமல் வெந்நீர் பற்றிப் பேசுகிறீர்கள்.

பிரம்மபுத்திரா
த்ரீ டயர் 2,299, டூ டயர் 2,970, பர்ஸ்ட் 3,640, வரி தனி. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 40 காசு என்று த்ரீ டயருக்குக் கணக்கு. குறைந்தது 400 கிலோமீட்டருக்கான காசைக் கட்டித்தான் ஆக வேண்டும், நடுவில் இறங்கினாலும். ஆர்ஏசி கிடையாது, அதாவது சைடு லோயரில் இரண்டு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து வரும் காட்சி இந்த வண்டியில் இல்லை.

கொத்தவால்சாவடி
சரி, அப்போது சென்னை – திருநெல்வேலி 650 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,560, வரி சேர்த்து 1,600-ஐத் தாண்டும். இப்போது த்ரீ டயர் ஆயிரத்துச் சொச்சம். சாதா ஸ்லீப்பர் நானூற்றுச் சொச்சம். நாலு பேர் குடும்பம் போய்வர எவ்வளவு ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நான் காய்கறி மண்டி ஆள், நாலைந்து வருஷமாக ஸ்லீப்பரில்தான் போகிறேன், எங்கள் பெட்டிக்கு என்ன புதுசாக வந்தது? பழைய பெட்டியில் 72 பேர் இருந்தோம், எல்எச்பியில் 80 பேர் ஆனோம். அவ்வளவுதான். ஒரு காலத்தில் சைடு மிடில் என்று ஒன்றைச் சைடு லோயருக்கும் சைடு அப்பருக்கும் நடுவில் சொருகினார்கள், ஞாபகம் இருக்கிறதா? சவப்பெட்டியில் படுப்பது மாதிரி, சனம் கத்தின கத்தில் அப்புறம் கழற்றினார்கள்.

மிடில்பெர்த்_மன்னன்
ஐயோ அந்த சைடு மிடில்! என் கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா அதில் படுத்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் உருண்டுதான் வெளியே வந்தார். இன்றும் என்னைப் பார்த்தால் அதைத்தான் சொல்வார், கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

தாம்பரம்_லோக்கல்
கொத்தவால் அண்ணே, ஏசி இல்லாதவர்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அம்ரித் பாரத் வந்திருக்கிறதே. 2023 டிசம்பர் 30-இல் ஆரம்பித்தது, 22 பெட்டி, முன்னால் ஒரு இன்ஜின் பின்னால் ஒரு இன்ஜின், ஏசி கிடையாது, எல்லாம் ஸ்லீப்பரும் ஜெனரலும்தான். சார்ஜ் போடும் இடம், நல்ல மெத்தை, பெட்டிகளுக்கு நடுவே மூடிய வழி எல்லாம் இருக்கிறது. நம்ம ஐசிஎஃப்பில்தான் கட்டுகிறார்கள். வேகம் 130 வரை போகலாம்.

அப்புறம் இன்னொன்று, சென்னை கோட்டத்தில் 2026 ஜனவரி 1 முதல் பத்து ரயில்களில் சாதா ஸ்லீப்பருக்கும் காசு கொடுத்தால் படுக்கை விரிப்பு கொடுக்கிறார்கள். விரிப்பு, தலையணை, உறை மூன்றும் 50 ரூபாய், தலையணை உறையோடு 30, விரிப்பு மட்டும் 20.

டீ_காபி_டீ
இதை முதல் தடவை கேட்டபோது நான் ஏமாந்தேன். ஒருத்தர் நடைபாதையில் "பெட்ரோல் வேணுமா, பெட்ரோல்" என்று கூவிக்கொண்டே வருகிறார். ரயிலில் தீப்பெட்டியே கூடாது என்கிறார்கள், இவர் பெட்ரோல் விற்கிறாரே என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது பெட்-ரோல், அதாவது விரிப்பு, போர்வை.

கல்லிடை_அப்பளம்
போர்வை என்றதும் வருகிறேன். ஏசியில் கொடுக்கும் அந்தக் கம்பளி. மாதத்துக்கு ஒரு தடவையாவது துவைக்கிறோம் என்று 2024-இல் நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்கள். ஒரு மாதத்தில் அதற்குள் எத்தனை பேர் படுத்து எழுந்திருப்பார்கள், நினைக்காமல் இருப்பது நல்லது. நான் எப்போதும் வீட்டிலிருந்து ஒரு எட்டு முழ வேட்டி எடுத்துப்போய் உள்ளே போர்த்திக்கொண்டு அதற்கு மேல்தான் கம்பளி. 2025 அக்டோபரில் ராஜஸ்தான் பக்கம் ஜெய்ப்பூர் – அசார்வா வண்டியில் கம்பளிக்குச் சாங்கானேர் அச்சுப் போட்ட துணி உறை மாட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். உறையைக் கழற்றித் துவைக்கலாம். இதற்கு வந்தே பாரத் எதற்கு? ஒரு தையல்காரர் போதுமே. பிரம்மபுத்திரா, உங்கள் வண்டியில் உறை இருந்ததா?

பிரம்மபுத்திரா
இருந்தது. மணம்கூட இல்லை, அதாவது எந்த மணமும் இல்லை, கம்பளிக்கு அதுதான் பெரிய பாராட்டு.

ரோலிங்ஸ்டாக்_ரசிகன்
யாரும் தூக்கத்தைப் பற்றிப் பேசவில்லையே. எனக்கு எல்எச்பியில் தூக்கமே வராது, வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் யாரோ தோளைப் பிடித்து உலுக்குவது போல ஒரு வெட்டு. பழைய நீலப் பெட்டியில் இது இவ்வளவு இல்லை. பெரம்பூர் ஐயா, ஏன்?

பெரம்பூர்க்காரன்
பழைய பெட்டியில் திருகு இணைப்பு, இரண்டு பக்கமும் பஃபர். கடைசியில் ஆள் இறங்கித் திருகை இறுக்கிவிடுவான், பெட்டிக்கும் பெட்டிக்கும் இடைவெளி இருக்காது. எல்எச்பியில் நடு இணைப்பு, இரண்டு கை கோத்த மாதிரி. விபத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது, அதனால் உயிருக்கு நல்லது, ஆனால் அந்தக் கோத்த இடத்தில் கொஞ்சம் விளையாட்டு, அதாவது தளர்வு, உண்டு. இன்ஜின் இழுக்கும்போது முதல் பெட்டியில் அந்த விளையாட்டு அடைந்து, அப்புறம் இரண்டாவது, மூன்றாவது என்று தடதடவெனப் போய் உங்கள் தோளில் வந்து முடிகிறது. பிற்பாடு வந்த பெட்டிகளில் இதைக் குறைத்திருக்கிறார்கள்.

வந்தே பாரத்தில் தனி இன்ஜினே இல்லை. மோட்டார் பல பெட்டிகளுக்கு அடியில் பரவிக் கிடக்கிறது, பெட்டிகளும் அரை நிரந்தரமாகப் பிணைத்தவை. இழுக்கிறவர் ஒருத்தர், இழுபடுகிறவர் இருபது பேர் என்ற நிலைமை இல்லை. அதனால் வெட்டு இருக்காது.

இன்னொன்றும் சொல்கிறேன், எந்த வண்டிக்கும் பொருந்தும். பெட்டியின் இரண்டு முனையிலும்தான் சக்கர பீடம் இருக்கிறது. முனைப் பகுதியில் படுத்தால் சக்கரத்துக்கு மேலேயே படுக்கிறீர்கள், சத்தமும் ஆட்டமும் கூடுதல், போதாததற்குக் கழிவறைக் கதவு. பெட்டியின் நடுவில், 33, 36 மாதிரி நம்பர் விழுந்தால் அன்று உங்களுக்கு நல்ல நாள்.

ரோலிங்ஸ்டாக்_ரசிகன்
நன்றி ஐயா. வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரம்மபுத்திரா சொன்ன 958 கிலோமீட்டரை 14 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 68 வருகிறது. வண்டி 180-க்கு வடிவமைத்தது, 160-இல் ஓடலாம், ஆனால் தண்டவாளம் விட வேண்டுமே.

சன்னலோரம்
இதில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். ராத்திரி வண்டிக்கு எதற்கு வேகம்? ஒன்பதரைக்குக் கிளம்பி ஏழு மணிக்குத் திருநெல்வேலி போனால் ராஜா மாதிரி இறங்கலாம். அதையே ஆறு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டால் விடிகாலை மூன்றரைக்கு ஜங்ஷனில் அம்மாவோடு நின்றுகொண்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டும். பகலில் வேகம் வேண்டும் என்றால் 2023 செப்டம்பரிலிருந்து பகல் வந்தே பாரத் ஓடுகிறது, அதில் போய்க்கொள்ளலாம். ராத்திரியில் எனக்கு வேண்டியது குலுங்காத படுக்கை, ஏறக்கூடிய படி, வழுக்காத கழிவறை. இந்த மூன்றையும் கொடுத்துவிட்டு மாட்டு வண்டி வேகத்தில் போனாலும் சரி.

வியன்னா_வரை
வேலை விஷயமாக ஆஸ்திரியா போனபோது அங்கே நைட்ஜெட் என்கிற புது இரவு ரயிலில் ஒரு ராத்திரி போனேன். 2023 டிசம்பரில் வியன்னாவிலிருந்தும் இன்ஸ்ப்ரூக்கிலிருந்தும் ஹாம்பர்குக்கு விட்டார்கள், ஏழு பெட்டி. தனியாகப் போகிறவர்களுக்குக் குட்டி அறை ஒன்று வைத்திருக்கிறார்கள், மேலே ஒன்று கீழே ஒன்றாக, அலமாரித் தட்டு மாதிரி. உள்ளே படுத்து ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொள்ளலாம். செருப்புக்கும் பைக்கும் தனி லாக்கர், அட்டையைக் காட்டினால் திறக்கும். மிடில் பெர்த் என்ற பேச்சே அங்கே இல்லை.

மிடில்பெர்த்_மன்னன்
என் சித்தப்பாவை அதற்குள் விட்டால் அப்புறம் தொல்லியல் துறையைத்தான் கூப்பிட வேண்டும். தவிர நம் ஆட்கள் ஷட்டரை மூடிக்கொண்டு படுப்பார்களா? ஒன்பது மணிக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தால் எதிரே இருப்பவருக்கு ஒரு துண்டு நீட்டாமல் நமக்கு இறங்காதே.

கல்லிடை_அப்பளம்
சன்னலோரம், எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறோம், உங்கள் அம்மாவுக்கு ஏன் லோயர் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்களும் அம்மாவும் ஒரே டிக்கெட்டில் போட்டீர்களா?

சன்னலோரம்
ஆமாம், இரண்டு பேருக்கும் ஒரே பிஎன்ஆர்.

கல்லிடை_அப்பளம்
அங்கேதான் போயிற்று. கீழ்ப் படுக்கைக்கு என்று தனி ஒதுக்கீடு உண்டு, 60 தாண்டிய ஆண், 45 தாண்டிய பெண். த்ரீ டயரில் பெட்டிக்கு நாலைந்து படுக்கை அதற்கென்றே வைத்திருக்கிறார்கள், ஸ்லீப்பரில் ஆறு ஏழு. ஆனால் அந்த வயதுக்காரர் தனியாகவோ அல்லது அதே மாதிரி இரண்டு பேராகவோ போட்டால்தான். வாலிபப் பிள்ளை ஒருத்தர் கூடச் சேர்ந்தால் பொதுக் கணக்குக்குப் போய்விடும், அதில் காலியிருந்தால் லோயர், இல்லையென்றால் அம்போ. கட்டணச் சலுகையை 2020-இல் எடுத்துவிட்டார்கள், இது மட்டும் மிச்சம் இருக்கிறது, பாதிப் பேருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தனி டிக்கெட் போடுங்கள், கேட்கும் இடத்தில் அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுங்கள், உங்களுக்கு வேறு டிக்கெட். ஒரே பெட்டியாக அமைந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு உட்காருங்கள், எட்டு ஐந்துக்கு உட்கார்ந்தால் நானும் காப்பாற்ற முடியாது.

சன்னலோரம்
அட, இத்தனை வருஷம் அம்மா கூடவே இருக்க வேண்டும் என்று நினைத்து நானே அவளை மிடிலுக்கு ஏற்றியிருக்கிறேன்.

டீ_காபி_டீ
பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள், பெர்த்தையும் மறைக்கும் போல.

சன்னலோரம்
ஒன்பது நாள் கழித்து மறுபடி வருகிறேன். இன்று காலை ஏழு ஐம்பதுக்கே லாகின் செய்து உட்கார்ந்தேன். அம்மாவுக்குத் தனி டிக்கெட், அந்த ஒதுக்கீட்டில். கன்ஃபர்ம், பி3, 65, லோயர்! எனக்கு பி5-இல் அப்பர்.

பெரம்பூர்க்காரன்
லோயர் கிடைத்தது நல்லது தம்பி. ஆனால் 65 என்றால் கடைசிப் பகுதி. சக்கரத்துக்கு மேலே, கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில். வருகிற போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான்.

சன்னலோரம்
இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன் ஐயா. "பாத்ரூம் பக்கத்திலயா? நல்லதாப் போச்சு, ராத்திரி ரொம்ப நடக்க வேண்டாம்ல" என்றாள். உங்களுக்கு ஒரு கேள்வியும் கேட்டாள், அந்தக் கழிவறைக் கதவுத் தாழ்ப்பாளை ஏன் இவ்வளவு கீழே வைத்திருக்கிறீர்கள் என்று.

பெரம்பூர்க்காரன்
தாழ்ப்பாள் வேறு செக்‌ஷன்.